சாவியை மறந்தவர்களுக்காகப் பிறந்தது

இருபதாம் நூற்றாண்டு பிறந்த புதிதில் கார் வைத்திருந்தவர்களுக்குக் கை முறிவது பெரிய அதிசயம் இல்லை. வண்டியின் மூக்குக்குக் கீழே ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினால்தான் இன்ஜின் உயிர் பெறும். தீப்பொறி விழும் நேரம் கொஞ்சம் முந்திவிட்டால் தொலைந்தது. பிஸ்டன் எதிர்த்திசையில் உதைக்கும். கைப்பிடி வெறிகொண்டு திரும்பும். மணிக்கட்டோ தாடையோ அதற்கு விலை கொடுக்கும். டாக்டர்கள் இந்த எலும்பு முறிவுக்கு டிரைவர்களை வைத்தே ஒரு பெயர் சூட்டியிருந்தார்கள். கை முறிவதோடு நிற்காமல் ஓர் உயிரும் போன பிறகுதான் அந்தக் கைப்பிடிக்கு முடிவு வந்தது என்று டெட்ராய்ட் நகரம் ஒரு கதை சொல்லிவந்தது.

இறந்தவர் பைரன் கார்ட்டர், கார்ட்டர்கார் என்ற வண்டியை உருவாக்கியவர். டெட்ராய்ட்டின் பெல் ஐல் தீவுப் பாலத்தில் ஒரு பெண்மணியின் கார் நின்றுபோனதாம். உதவிக்கு இறங்கிய கார்ட்டரின் தாடையைக் கைப்பிடி பெயர்த்துவிட்டதாம். காயம் முற்றி, நிமோனியா கண்டு, ஆள் போய்விட்டார். நின்றுபோனது ஒரு கேடிலாக். அந்தக் கம்பெனியின் தலைவர் ஹென்றி லீலண்ட், கார்ட்டரின் நண்பர். இனி தன் கார் யாரையும் கொல்லக் கூடாது என்று அவர் சபதம் எடுத்தார் என்பது கதை. இதைப் பலர் 1910 குளிர்காலத்தில் நடந்ததாகச் சொல்வார்கள். கார்ட்டர் இறந்ததோ 1908-இல். ஆகவே பாலத்தையும் பெண்மணியையும் ஒரு சிட்டிகை உப்போடுதான் விழுங்க வேண்டும். கைப்பிடியை ஒழிக்க லீலண்ட் வழி தேடியது மட்டும் நிஜம். ஆனால் அந்த வழி எந்தக் கார் தொழிற்சாலையிலும் கிடைக்கவில்லை. கடைக் கல்லாவில் கிடைத்தது.

ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் ஊரில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனி இருந்தது. அங்கே 1904-இல் வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங், கையால் இயக்கிவந்த கல்லாப்பெட்டியை மின்மோட்டாரில் இயங்க வைத்தார். அதில் அவர் கற்றுக்கொண்ட பாடம் சின்னது. நாள் முழுக்க ஓடும் மோட்டார் பெரிதாக இருக்க வேண்டும். ஒரே ஒரு நொடி முரட்டுத்தனமாக இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும் மோட்டார் சிறிதாக இருந்தால் போதும். பின்னர், சக ஊழியர் எட்வர்ட் டீட்ஸின் வீட்டுக் கொட்டகையில், அலுவலகம் முடிந்த மாலை நேரங்களில், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கார்களுக்கான பற்றவைப்புச் சாதனம் ஒன்றைச் செய்தார். லீலண்ட் அதைப் பார்த்துவிட்டு 8,000 செட் கேட்டார். அந்த ஆர்டரின் பலத்தில் 1909-இல் டெல்கோ கம்பெனி பிறந்தது. அடுத்து லீலண்ட் கேட்டதுதான் வில்லங்கமானது: கைப்பிடி இல்லாமல் இன்ஜினைக் கிளப்ப முடியுமா?

முடியாது என்று படித்தவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். இன்ஜினைச் சுழற்றும் மோட்டார் கிட்டத்தட்ட இன்ஜின் அளவுக்கே இருக்க வேண்டும், பேட்டரிக்குத் தனி வண்டி கட்ட வேண்டும் என்றார்கள். கெட்டரிங் கல்லாப்பெட்டியை நினைத்துக்கொண்டார். சில நொடிதானே! 1911 தொடக்கத்தில் கேடிலாக் தொழிற்சாலையில் அவருடைய மோட்டார் இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பியது. 1912 மாடல் கேடிலாக்குகள் அதோடு விற்பனைக்கு வந்தன. லண்டனின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் கேடிலாக்குக்கு டூவர் கோப்பை என்ற விருதை இரண்டாம் முறையாகக் கொடுத்தது. கைப்பிடிக்கு வயதாகிவிட்டது. கெட்டரிங் ஒரு தலைவலியை ஒழித்த கையோடு இன்னொரு தலைவலியைக் காருக்குள் ஏற்றியிருந்தார் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

அதுவரை கார் பெரும்பாலும் பேட்டரியை நம்பிப் பிழைத்ததில்லை. பெரும்பாலான வண்டிகளில் மேக்னெட்டோ இருந்தது. இன்ஜின் சுழலும்போதே தனக்கான தீப்பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். முன்விளக்கு எண்ணெயிலோ அசிட்டிலீன் வாயுவிலோ எரியும். ஃபோர்டின் மாடல் டி-யில் 1915 முதல் மின்விளக்கு வந்தது, அதுவும் மேக்னெட்டோவிலிருந்துதான். இன்ஜின் வேகமாக ஓடினால் வெளிச்சம் பளீரென்று வரும், மெதுவாக ஓடினால் மங்கும். இருட்டில் பள்ளத்தைக் கண்டு வேகம் குறைத்தால் பள்ளமும் கண்ணுக்கு மறைந்துவிடும்! கெட்டரிங்கின் ஏற்பாட்டில் இந்தக் கூத்து இல்லை. கிளப்புவது, பற்றவைப்பது, விளக்கு எரிப்பது எல்லாமே ஈயமும் அமிலமும் நிறைந்த ஒரே பெட்டியிலிருந்து. இன்ஜினைக் கிளப்பிய அதே மோட்டார், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரிக்கு மின்சாரம் திருப்பித் தரும். 24 வோல்ட்டில் எடுத்து 6 வோல்ட்டில் திருப்பிக் கொடுக்கும் அந்த ஏற்பாடு கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் திருப்பிக் கொடுக்கிறதா இல்லையா என்று யார் பார்ப்பது?

திருப்பிக் கொடுப்பதே பெரும்பாடாக இருந்தது. இன்ஜின் மெதுவாக ஓடினால் டைனமோ எனப்பட்ட அந்த ஜெனரேட்டரின் வோல்ட்டேஜ் பேட்டரியைவிடக் கீழே இறங்கும். பேட்டரியில் இருந்த மின்சாரம் பின்வாசல் வழியாக டைனமோவுக்குள் வழிந்துவிடும். அதைத் தடுக்க கட்-அவுட் என்ற காந்தச் சுவிட்சு வந்தது. வேகமாக ஓடினாலோ நேர்மாறான கஷ்டம்: மின்சாரம் அளவு மீறிப் பாய்ந்து பேட்டரியைக் கொதிக்க வைக்கும். அதற்கு அமெரிக்கக் கார்களில் டைனமோவுக்குள் மூன்றாவதாக ஒரு பிரஷ் வைத்தார்கள். மெக்கானிக் அதை நகர்த்தி வைத்த அளவுக்குத்தான் சார்ஜ் ஏறும். பேட்டரி பசித்திருக்கிறதா நிறைந்திருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கோடையில் நெடும்பயணம் போனவர்கள் பட்டப்பகலில் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். அதிகப்படி மின்சாரத்தை எரித்துத் தீர்த்துப் பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக! ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1913-லேயே சார்ஜை அளவோடு நிறுத்தும் ரெகுலேட்டரோடு கூடிய விளக்கு செட்டை விற்றது. அமெரிக்காவில் ரெகுலேட்டர் பரவலாக 1930கள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் பேட்டரி பிழைக்குமா சாகுமா என்பதைச் சொல்ல டேஷ்போர்டில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது.

அதுதான் அம்மீட்டர். நடுவில் பூஜ்யம், முள் வலப்பக்கம் சாய்ந்தால் பேட்டரிக்கு வரவு, இடப்பக்கம் சாய்ந்தால் செலவு. அம்மீட்டர் பொய்யே சொல்லாது. அது சொல்வது புரிந்தவர்கள்தான் குறைவு. வண்டியைக் கிளப்பியதும் முள் வலப்பக்கம் எகிறும். பேட்டரி நிறைய நிறைய மெல்லப் பூஜ்யத்துக்கு இறங்கும். எல்லாம் சரியாக இருப்பதன் அடையாளம் அது. ஓட்டுகிறவருக்கோ, சற்று முன் துள்ளிக்கொண்டிருந்த முள் படுத்துவிட்டதே என்று பீதி. இன்னொரு நாள் டைனமோவைச் சுழற்றும் பெல்ட் நிஜமாகவே வழுக்கி, முள் பூஜ்யத்துக்கு ஒரு நூல் இடப்பக்கம் நிற்கும். அதுவும் படுத்திருப்பதாகவே தெரியும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். மறுநாள் காலையில் வண்டி பேசாது. இந்தக் குழப்பத்துக்கு மருந்து அமெரிக்காவில் தயாராகும் முன்பே, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், வேறொரு நோய்க்காக ஒரு மருந்து தயாராகிக்கொண்டிருந்தது.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் சைக்கிள் விளக்கு, கப்பல் விளக்கு என்று செய்து வளர்ந்த ஜோசப் லூகாஸ் கம்பெனி, கார்களின் மின்சாமான்களில் ஏறக்குறைய ஏகபோகமாகியிருந்தது. இங்கிலாந்துக் கார்கள் நெடுநாள் மேக்னெட்டோவை விடவில்லை. 1920களின் கடைசியில்தான் பேட்டரியும் காயில் என்ற மின்சுருளும் சேர்ந்த பற்றவைப்புக்கு மாறத் தொடங்கின. விலை மலிவு, குளிரிலும் சுலபமாகக் கிளம்பும். ஆனால் மேக்னெட்டோவுக்குப் பழகிய கைகளுக்கு இதில் ஒரு கண்ணி இருந்தது. மேக்னெட்டோவில் இன்ஜின் நின்றால் மின்சாரமும் நின்றது. காயிலில் அப்படியில்லை. இன்ஜின் நின்றபோது காயிலுக்கு மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும் பாயின்ட் என்ற தொடுமுனை மூடியபடி நின்றுவிட்டால், சாவியைத் திருப்பி அணைக்கும்வரை மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும். காயில் சூடேறும்; பேட்டரி வற்றும். சத்தமில்லை, வாசமில்லை, எந்த அறிகுறியும் இல்லை. சாவியை அணைக்க மறந்து வீட்டுக்குள் போனவர் திரும்பி வரும்போது, கார் இரும்புப் பெட்டியாக நிற்கும்.

மறதிக்காரர்களுக்காக டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு குட்டி பல்பு வைக்கலாம் என்பது எவருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். சாவி போட்டிருந்தால் எரியட்டும். ஆனால் சாவி போட்டிருக்கும்வரை எரிவதென்றால், ஓட்டும் நேரம் முழுக்க எரியுமே! எப்போதும் எரியும் எச்சரிக்கையை யார் மதிப்பார்கள்? பல்பு எரிய வேண்டியது ஒரே ஒரு நிலையில்: சாவி போட்டிருக்கிறது, இன்ஜின் ஓடவில்லை. அதற்கு, இன்ஜின் ஓடுகிறதா என்பது பல்புக்குத் தெரிய வேண்டும். ஒரு ரூபாய் பெறாத பல்புக்கு அந்த அறிவை யார் கொடுப்பது?

விடை ஒரே ஒரு ஒயர். பல்பின் ஒரு முனையைச் சாவிச் சுவிட்சில் கட்டினார்கள். மறுமுனையை வழக்கம்போல் வண்டியின் உடம்போடு கட்டாமல் டைனமோவோடு கட்டினார்கள். குழாயால் இணைத்த இரண்டு தண்ணீர்த் தொட்டிகள்போல: ஒன்றில் தண்ணீர் உயரமாகவும் மற்றதில் தாழ்வாகவும் இருந்தால் ஓட்டம் இருக்கும், இரண்டும் சமமானால் ஓட்டம் நிற்கும். இன்ஜின் நிற்கும்போது டைனமோ பக்கம் வோல்ட்டேஜ் இல்லை. பேட்டரி மின்சாரம் பல்பு வழியாக அங்கே பாயும், பல்பு எரியும். இன்ஜின் ஓடி, டைனமோவும் பேட்டரி அளவுக்கு எழும்பிவிட்டால் இரண்டு பக்கமும் சமம், பல்பு அணையும். ரிலே இல்லை, சுவிட்சு இல்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. கார் மின்சாரத்தில் இதைவிடச் சிக்கனமான யோசனையை நான் அறியேன். இங்கிலாந்துக் கையேடுகள் இதை இக்னிஷன் விளக்கு என்றே அழைத்தன; சாவியை அணைக்க நினைவூட்டுவதே அதன் வேலை என்றன. அப்படி வைத்த விளக்கு, சாவியை மறக்காதவர்களின் வண்டியிலும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நடுரோட்டில் எரிந்தது.

இறங்கிப் பார்த்தால் ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. அல்லது டைனமோவின் பிரஷ் தேய்ந்திருந்தது. பல்புக்கு இன்ஜின் ஓடுகிறதா என்பது எந்தக் காலத்திலும் தெரியாது. டைனமோ மின்சாரம் எழுப்புகிறதா என்பது மட்டுமே தெரியும். மறதியைச் சொல்ல வந்த விளக்கு சார்ஜ் நின்றுபோனதையும் சொன்னது, எவரும் தனியாகச் செலவழிக்காமலே. டெட்ராய்ட்டிலோ அந்த வேலைக்காகவே ஒரு விளக்கை வைத்தார்கள். 1930களின் நடுவில் ஹட்சன் கார்களின் டேஷ்போர்டிலிருந்து அம்மீட்டரும் ஆயில் பிரஷர் மீட்டரும் காணாமல் போயின. அவை இருந்த இடத்தில் சிவப்பு விளக்குகள் முளைத்தன. வாங்கியவர்களுக்குச் சந்தோஷம். கார் தெரிந்தவர்களுக்கோ கோபம் தலைக்கேறியது.

முள்ளைப் படிக்கத் தெரியாதவனுக்கு வைத்த விளக்கு என்று சொல்லி, அதற்கு 'இடியட் லைட்' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. முள் தள்ளாடுவதைப் பார்த்து நோய் வருமுன் அறியலாம். விளக்கு வந்த பிறகுதான் சொல்லும். ஆனால் அம்மீட்டரை யாராவது நிமிர்ந்து பார்த்தால்தானே அது சொல்லும்? சிவப்பு விளக்கு பார்க்காதவன் கண்ணிலும் படும். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இந்த வழக்கில் தீர்ப்பே சொன்னது. அதில் தண்ணீர் இல்லை, காற்றால்தான் இன்ஜின் குளிர வேண்டும். காற்றடிக்கும் விசிறியோ டைனமோவின் அச்சிலேயே மாட்டியிருந்தது. பெல்ட் அறுந்தால் சார்ஜோடு குளிர்ச்சியும் போகும். ஆகவே சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். வீடு பக்கம்தானே என்று ஓட்டினால் இன்ஜின் மிஞ்சாது. இந்தியாவில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசாக ஓடிய அம்பாசடரிலும் டைனமோவும் சிவப்பு விளக்கும் வந்தன. லூகாஸே சென்னைக்கு வந்து, டி.வி.எஸ்ஸுடன் கூட்டுச் சேர்ந்து, 1961-இல் லூகாஸ்-டி.வி.எஸ். ஆகி, பாடியில் தொழிற்சாலை போட்டது. ஆனால் அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் டைனமோவுக்கே நாள் குறித்துவிட்டார்கள்.

டைனமோவின் குறை பழையது: இன்ஜின் மெதுவாக ஓடும்போது அதனால் உருப்படியாக ஒன்றும் தர முடியாது. நகர நெரிசலில் ஹீட்டர், வைப்பர், ரேடியோ, முன்விளக்கு எல்லாம் ஓடினால் பேட்டரி இளைத்துக்கொண்டே போகும். அதன் இடத்துக்கு வந்த ஆல்டர்னேட்டரோ மெதுவான ஓட்டத்திலும் நிறையத் தரும். ஆனால் அது தருவது மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்கு அது ஆகாது. அதை நேர்த்திசையாக்க அந்நாளில் இருந்த செலினியம் தட்டுகள் பெரிய அடுக்காக இடத்தை அடைத்தன. போலீஸ் கார்களுக்கும் ராணுவ வண்டிகளுக்கும்தான் அது கட்டுப்படியானது. 1950களில் விரல்நுனி அளவு சிலிக்கான் டயோடு வந்ததும் கதவு திறந்தது. 1960 மாடல் வேலியன்ட் காரில் கிரைஸ்லர் ஆல்டர்னேட்டரை எல்லா வண்டிக்கும் பொதுவாக்கியது. 1963-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தொடர்ந்தது. கட்-அவுட் தேவையற்றுப் போனது, டயோடே மின்சாரத்தைப் பின்னால் விடாது. எல்லாம் சுபம். ஒன்றைத் தவிர: ஆல்டர்னேட்டர் தானாகக் கண் விழிக்காது.

டைனமோவின் இரும்பில் எப்போதும் கொஞ்சம் காந்தம் மிச்சமிருக்கும். சுழலத் தொடங்கினால் அதை வைத்தே பெருக்கிக்கொள்ளும். ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகமான ரோட்டாரில் மிச்சமிருப்பது போதவே போதாது. முதலில் வெளியிலிருந்து துளி மின்சாரம் கொடுத்து ரோட்டாரைக் காந்தமாக்க வேண்டும். அதுவும் சாவி போட்டால் மட்டும் போக வேண்டும், சிறிதளவே போக வேண்டும், ஆல்டர்னேட்டர் விழித்ததும் தானாக நிற்க வேண்டும். இத்தனை நிபந்தனைக்கும் பொருந்தும் ஒரு பாதை காரில் ஏற்கெனவே இருந்தது. இடியட் என்று திட்டு வாங்கிய அந்த பல்பு!

பல்பு வழியாகப் போகும் மின்சாரத்தையே ரோட்டாருக்குத் திருப்பினார்கள். 2, 3 வாட் பல்பு. அது விடுவது ஆம்பியரில் நாலில் ஒரு பங்குக்குக் கீழேதான். அது போதும். ரோட்டார் காந்தமாகும், இன்ஜின் சுழலும், ஆல்டர்னேட்டர் எழும், அதனுள் இருக்கும் மூன்று சின்ன டயோடுகள் ரோட்டாருக்கு வேண்டியதைக் கொடுக்கத் தொடங்கும், பல்பின் இரு முனையும் சமமாகும், பல்பு அணையும். சாட்சியாக நின்றவன் வேலைக்காரனாகிவிட்டான். அதன் விளைவு மெக்கானிக்குகளைக் கொஞ்ச காலம் பைத்தியமாக அடித்தது: சார்ஜ் ஏறாத வண்டி வரும். பெல்ட் சரி, பிரஷ் சரி, ரெகுலேட்டர் சரி. டேஷ்போர்டில் விளக்கும் எரியவில்லை. எல்லாம் கழற்றிப் பார்த்துத் தோற்ற பிறகு, கடைசியில் தெரியும், பல்பு ஃபியூஸ். பல்பு போனதால் ரோட்டாருக்குத் துளி மின்சாரம் போகவில்லை, ஆல்டர்னேட்டர் விழிக்கவில்லை, அது விழிக்காததைச் சொல்ல வேண்டிய பல்போ முதலில் செத்ததே! ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தால் சில வண்டிகள் மிச்ச காந்தத்தில் விழித்துக்கொண்டு குழப்பத்தைக் கூட்டின. பிறகு பல கம்பெனிகள், பல்பு செத்தாலும் அந்தத் துளி மின்சாரம் போய்ச் சேரட்டும் என்று, பல்புக்குப் பக்கத்திலேயே ஒரு ரெசிஸ்டரைக் கட்டி வைத்தன.

அடிபட்டுக் கற்றுக்கொண்ட எலக்ட்ரீஷியன்கள் அந்த பல்பை ஜோசியம்போலப் படிக்கத் தொடங்கினார்கள். சாவி போட்டதும், இன்ஜினைக் கிளப்பும் முன், எரிகிறதா? எரியாவிட்டால் பல்பு, ஒயர், அல்லது ஆல்டர்னேட்டரின் பிரஷ். ஓடும்போது பளிச்சென்று எரிகிறதா? முதலில் பெல்ட், அடுத்து பின்பக்கத்துக் கனெக்டர், அப்புறம் ரெகுலேட்டர். மங்கலாக மினுங்குகிறதா? டயோடு ஒன்று போயிருக்கலாம், அல்லது எங்கோ இணைப்பில் துரு. கூடவே ஒரு மல்டிமீட்டர்: ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். இன்ஜின் ஓடும்போது அது 13.8-க்கும் 14.5-க்கும் இடையே ஏற வேண்டும். ஓடும்போதும் 12-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் தூங்குகிறது. இவ்வளவு தெளிவாகப் பேசிய விளக்குக்கு அடுத்து நடந்ததுதான் வேடிக்கை: அதன் முகத்தில் வேறொருவர் படத்தை ஒட்டிவிட்டார்கள்.

கார்கள் நாடுவிட்டு நாடு போகத் தொடங்கியதும், டேஷ்போர்டில் ஒவ்வொரு மொழியிலும் எழுத முடியாது என்று பன்னாட்டுத் தர அமைப்பு குறியீடுகளை வகுத்தது. ஐ.எஸ்.ஓ. 2575 என்ற அந்தத் தரநிலையில் இந்த விளக்குக்குக் கிடைத்த படம்: ஒரு செவ்வகப் பெட்டி, மேலே இரண்டு குமிழ், உள்ளே ஒரு கூட்டல், ஒரு கழித்தல். சாவியைத் திருப்பியதும் மற்ற விளக்குகளோடு மின்னி மறைகிற, எவரும் இரண்டாம் முறை பார்க்காத அந்தச் சிவப்பு பேட்டரிப் படம்தான், சாவியை மறந்த இங்கிலாந்துக்காரர்களுக்காக வைத்த அந்த பல்பு. சாவி, டைனமோ, ஆல்டர்னேட்டர் என்று யார் யாரையோ காட்டிக்கொடுத்த விளக்கின் மேல், எந்தக் குற்றமும் செய்யாத பேட்டரியின் முகம்.

புதிய கார்களில் பல்பும் போய்விட்டது. எல்.இ.டி.யை ஒளிர வைப்பது கம்ப்யூட்டர். ரோட்டாருக்கு முதல் துளி போவதும் அதன் வழியாகத்தான். ஆல்டர்னேட்டரே இல்லாத மின்சாரக் கார்களிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது; பெரிய பேட்டரியிலிருந்து அதற்குச் சார்ஜ் தரும் கன்வெர்ட்டர் நின்றால் பல வண்டிகளில் அதே படம்தான் எரிகிறது. படத்தைப் பார்த்துப் புது பேட்டரி வாங்கி மாட்டி, இரண்டு நாளில் அதுவும் படுத்துப்போய்த் திரும்ப வருகிறவர்கள் மெக்கானிக் கடைகளுக்குப் புதியவர்கள் இல்லை. ஓடும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது பெல்ட், பேட்டரி கடைசியில்.